முகமில்லாத முதல் பிளெக்ஸ்

கரிசலூத்து பஜார் முக்கில் நகராட்சித் தலைவர் வெயிலுமுத்து அண்ணாச்சியின் முகம் பிளெக்ஸில் வெளிச்சம் விடத் தொடங்கியபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் பிளெக்ஸ் என்பது எப்போதும் எதையாவது செய்துகொண்டேதான் இருந்தது: பஸ்ஸை மறித்தது, ஆடிக்காற்றில் அறுந்து ஆட்டோவின் மேல் விழுந்தது, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மாதிரி சிரித்தது, கிழிந்த பிறகு மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகப் போனது, இப்போது கூடுதலாக ஒன்று எரிகிறது, எரிந்துவிட்டுப் போகட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பிளெக்ஸைச் செய்தவள் செண்பகவடிவு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கப்பழம் அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுகிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். கரிசலூத்துப் பிளெக்ஸுக்கு ஒரு முறை உண்டு. மேலே சாமி, சாமிக்குக் கீழே கட்சியின் மறைந்த தலைவர்கள், அவர்களுக்குக் கீழே மறையாத தலைவர்கள், நடுவில் யாருக்காகப் பிளெக்ஸோ அவருடைய பெரிய முகம், அந்த முகத்தைச் சுற்றி ஓரம் பார்த்து ஸ்டாம்பு அளவில் தம்பிமார்களின் முகங்கள். இந்த ஸ்டாம்பு முகங்களுக்காக ஊரில் மண்டை உடைந்திருக்கிறது. தலைவரின் காதுக்குப் பக்கத்தில் யார், தோளுக்குக் கீழே யார் என்று கடை வாசலில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்பார்கள், செண்பகவடிவு எல்லாரையும் ஒரு அதட்டு அதட்டி, சண்டை வராதபடி பொடிப்பொடியாக முகங்களை அடுக்கிக் கொடுப்பாள். பிளெக்ஸ் ஏறிய சாயங்காலம் அந்தத் தம்பிகள் ஒவ்வொருவராக வந்து, அண்ணாந்து, தன்னைத் தேடுவார்கள். கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

வெயிலுமுத்து அண்ணாச்சியின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் கடையில் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்த அந்த நெரிசலில் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் ஒரு படம் அனுப்பினார், ஆண்டு விழாவுக்கு வேண்டும் என்று சொல்லப் போன் போட்டார், மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது கடல் தாண்டி ஏதோ ஒரு மலை உச்சியில் பெரிய தொலைநோக்கியோடு வேலை செய்யும் ஜெஸிந்தாவும் அவளுடைய கூட்டாளிகளும் எடுத்த படம் அது. நம் சூரியனைப் போலவே இன்னொரு சூரியன், எட்டாத தூரத்தில்; அதன் வெளிச்சத்தைக் கருப்பு வில்லை ஒன்றால் மறைத்துவிட்டு, பக்கத்தில் சுற்றும் ஓர் உலகத்தை நேருக்கு நேராகப் படம் பிடித்திருந்தார்கள். நடுவில் வட்டமாகக் கருப்பு, கருப்பைச் சுற்றிச் சிதறின ஒளி, அதற்கு அப்பால், இடது பக்கம் கீழே, நீலமாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் உலகம்.

வேறு எந்த ஊர்க்காரர் பார்த்திருந்தாலும் இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். செண்பகவடிவு கேட்கவில்லை, அவளுக்குத்தான் எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டதே: நடுவில் அண்ணாச்சி முகத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், சுற்றி ஒளிவட்டம் போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் எவனோ ஒரு கூச்சக்காரத் தம்பி தன் படத்தை இம்மிணியாக வைத்திருக்கிறான். யார் என்று பெரிதாக்கிப் பார்த்தாள், நீலக் கட்டங்கள்தான் தெரிந்தன. இவ்வளவு கூச்சப்படுகிறவன் பிளெக்ஸுக்கு எதுக்கு வருகிறான் என்று மனசுக்குள் வைதாள், ஆனால் அழிக்கவில்லை. கூட்டத்தில் இடிபடாமல் ஒதுங்கி நிற்கிறவன் மேல் அவளுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. கருப்பு வட்டத்துக்குள் வெயிலுமுத்து அண்ணாச்சியின் சிரித்த முகத்தைக் கச்சிதமாகப் பொருத்தி, மேலே சாமியையும் தலைவர்களையும் வரிசையாக வைத்து, பிரிண்டுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த வேலையை எடுத்தாள்.

நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒரு மனிதரின் முகத்தை வைத்தால் முகமும் தன்னால் ஆனதைச் செய்து பார்க்கும்தானே. காரணம் என்று கரிசலூத்தில் சொல்லப்படுவது இவ்வளவுதான், இதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

முதலில் நகர்ந்தது புள்ளிதான். பிறந்தநாள் காலையில் இடது பக்கம் கீழே இருந்தது, மத்தியானம் அண்ணாச்சியின் தாடைக்குக் கீழே வந்தது, மறுநாள் வலது தோளைத் தாண்டி மேலே ஏறியது. முகத்தை அது சுற்றிவருகிறது என்பதை முதலில் கண்டுகொண்டவள் பிளெக்ஸுக்கு அடியில் பூக்கூடை வைத்து விற்கும் மாடத்தி. புள்ளி தலைக்கு மேலே வரும்போதெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்குகிறது, மல்லிகை வாடாமல் கிடக்கிறது என்று அவள் கூடையைப் புள்ளியோடு கூடவே தள்ளித் தள்ளி வைத்தாள். மழை பெய்து இரண்டு வருஷமான ஊரில் அந்த இடத்தில் மட்டும் மண் வாசனை அடித்தது. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸோடு அங்கே வந்து நின்றார்கள், செக்கிழுத்துக் களைத்த மாட்டைக் கூட ஒருத்தர் கொண்டுவந்து நிறுத்தினார். செண்பகவடிவும் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றாள். அண்ணாந்த நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. ஊர்க் குழாய்த் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர் துரு. இந்தத் துளி எந்தத் தண்ணீரைப் போலவும் இல்லை. அவளுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பொடி முகங்களைப் பெரிய முகங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள், அதில் ஒன்றாவது அவளுக்குத் திருப்பி ஒன்று தந்ததில்லை.

அந்தச் சுகம் அதிக நாள் நீடிக்கவில்லை, முகம் எரிய ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் டியூப்லைட் அளவுக்கு, மறுநாள் பெட்ரோல் பங்க் அளவுக்கு, வாரம் திரும்புவதற்குள் உச்சிவெயில் அளவுக்கு. பிறகு அண்ணாச்சியின் மீசை எது பல் எது என்று யாருக்கும் தெரியவில்லை, வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. ஊர் அதற்கும் பழகியது. பஜார் ரோட்டில் பாய் விரித்து வத்தல் காயப் போட்டார்கள், வடகம் காயப் போட்டார்கள், கருவாட்டுக்காரர்கள் இடத்துக்குச் சண்டை போட்டார்கள், வண்ணார்பேட்டைத் துணியெல்லாம் முக்கில் வந்து தொங்கியது, பரீட்சைப் பிள்ளைகள் நடைபாதையில் உட்கார்ந்து படித்தார்கள், கோழிகள் எப்போது கூவுவது என்று தெரியாமல் நாள் முழுக்கக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டன. தெருவிளக்குகளைக் கழற்றி நகராட்சி பக்கத்து ஊருக்குக் கொடுத்துப் பெருமை தேடிக்கொண்டது. கூலிங் கிளாஸ் விற்கிறவன் ஒருத்தன் வந்து வீடெடுத்துத் தங்கி, கல்யாணமும் முடித்துக்கொண்டான். ஜனங்கள் ஈரத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்கினார்கள், முக்கைக் கடக்கும்போது நெற்றியில் கை வைத்துக் குனிந்து நடந்தார்கள். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே வணக்கம் வைத்துக்கொண்டு போவது போலத் தெரியும். வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து தன் முகத்துக்குக் கீழே நின்றார். ஆனால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிற சனத்தில் ஒருத்தருக்கும் கீழே நிற்கிற அவரைத் தெரியவில்லை, அதுமட்டும் அவருக்கு உறுத்தியது.

இந்த வெளிச்சத்தில் புள்ளி காணாமல் போனது. மாடத்தியின் மல்லிகை காலையிலேயே கருகியது. மண் வாசனை போய்விட்டது, துளி விழுந்தாலும் பாதி வழியில் காய்ந்திருக்கும். அதெப்படி, அங்கேதானே இருக்க வேண்டும் என்று செண்பகவடிவு தினமும் இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். புள்ளியைப் பற்றி அவளும் மாடத்தியும் வாய் ஓயாமல் பேசியது கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி வெளிச்சத்தைப் பற்றிப் பேசாமல் புள்ளியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. நகராட்சிக் கூட்டத்தில், மேற்படி பிளெக்ஸில் புள்ளி என்று எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாகக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அந்தப் புள்ளிக்கு அடியில் நின்று டீ குடித்தவர்கள்.

தீர்மானத்தைக் கேட்ட அன்று செண்பகவடிவு சாப்பிடவில்லை. அவளுடைய புருஷன் சுடலைமணி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சாதுவான ஆள், என்ன வடிவு வயிறு சரியில்லையா என்று கேட்டான். இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்றாள் அவள். புள்ளிதானே என்று அவன் வாய்க்குள் சொன்னதுதான் தாமதம், அவள் பார்த்த பார்வையில் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டான்.

அந்த வாரம்தான் ஜெஸிந்தா ஆண்டு விழாவுக்காக ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினவள் முக்கில் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், யார் செய்தது என்று விசாரித்தாள், பெட்டியும் கையுமாக நேரே பிளெக்ஸ் கடைக்கு வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று செண்பகவடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவளோ ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கூச்சக்காரத் தம்பி கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அக்கா அது நீங்கள் நினைத்த மாதிரித் தம்பி இல்லை, உலகம் என்று சொன்னாள். அதன் வெளிச்சம் அதன் சூரியனுடைய வெளிச்சத்தில் பல கோடியில் ஒரு பங்கு, அதைப் பிடிப்பதற்குள் தனக்குத் தலை நரைத்துவிட்டது என்று காட்டினாள். உண்மையிலேயே காதோரம் நரைத்திருந்தது. சூரியனை மறைத்தால் அங்கே இருட்டாகிவிடாதா என்று செண்பகவடிவு கேட்டாள். மறைப்பது நம் கண்ணுக்குத்தான் அக்கா, அவர்களுக்கு வெயில் குறையாது என்றாள் ஜெஸிந்தா. பிறகு சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"இங்க இந்த மூஞ்சி எரிய ஆரம்பிச்ச நாள்ல இருந்து அங்க அந்த நட்சத்திரமும் கண்டபடி எரியுதுக்கா. எங்க வில்லை எதுவும் மறைக்கப் போதல. புள்ளியக் காணோம். இனிமே காணலன்னா, நாங்க பாத்தது தூசி, அப்பிடி ஒரு உலகமே இல்லைன்னு எழுதிருவாங்க. இந்தா வார சனிக்கிழமைதான் கடைசிக் கெடு."

இங்கே ஒரு தீர்மானம், அங்கே ஒரு தீர்மானமா என்று செண்பகவடிவுக்கு உச்சந்தலையில் ஏறியது. நெற்றியில் விழுந்த துளியை யார் வந்து இல்லை என்று சொல்வது? அவளே வைத்த முகம், அவளே எடுக்க வேண்டும். முறையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வெயிலுமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவார். அன்றைக்கும் அவளை நிற்க வைக்கவில்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். பிளெக்ஸை இறக்கிவிடலாமா, வேண்டுமானால் வேறு பிளெக்ஸ், இதைவிடப் பெரிசாக, காசு வாங்காமல் செய்து தருகிறேன் என்று அவள் கேட்டபோது மட்டும் அவர் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஊருக்கே வெளிச்சம் குடுக்கேன், தாயி. ஒரு புள்ளிக்காக என்னைய அணைக்கச் சொல்லுதியே, ஞாயமா?"

"அணைக்க வேண்டாம் அண்ணாச்சி, கொஞ்சம் மறைச்சாப் போதும். அந்தப் புள்ளியில யாரு இருக்காங்களோ என்னமோ."

"யாரு இருந்தா என்ன? அவங்களுக்கு ஓட்டு இருக்கா?"

அவர் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். செண்பகவடிவு மோரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தலைவர் முகத்தில் கருப்பு பட்டால் என்ன ஆகும் தெரியும்ல என்று வாசல் வரை வந்து ஒருத்தன் எச்சரித்தான். தெரியும். அந்தப் பக்கத்தில் தலைவர் போஸ்டரில் சாணி பட்டால் ஒரு பஸ் எரியும், கருப்பு மை பட்டால் ஒரு பஸ் ஸ்டாண்டே எரியும், மை பூசினவன் ஜாமீனுக்கு அலைந்தே கிழவனாகிவிடுவான். தெரிந்துதான் கடைக்குத் திரும்பி வந்தாள்.

கடையில் தங்கப்பழம் அண்ணாச்சி கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். கடையை சீல் வைத்துவிடுவார்கள், தான் பிள்ளைகுட்டிக்காரன், வேண்டுமானால் அவள் ஒரு மாதம் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரில் புது வேலை ஒன்றைத் திறந்தாள். வெயிலுமுத்து அண்ணாச்சி முகத்தின் அளவு அவளுக்கு மனப்பாடம், அதே அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள், வட்டத்துக்குள் கருப்பை ஊற்றினாள். மேலே சாமி வைக்கவில்லை. தலைவர்களை வைக்கவில்லை. வாழ்த்து இல்லை, அஞ்சலி இல்லை, ஓரத்தில் கடையின் போன் நம்பர் கூட இல்லை. மிஷினில் இருந்த கருப்பு மை அத்தனையும் அதற்கே தீர்ந்தது. கரிசலூத்தில் முகமில்லாமல் அடித்த முதல் பிளெக்ஸ் சரசரவென்று வெளியே வந்து தரையில் விழுந்தபோது, தங்கப்பழம் அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, ஓரத்தில் மை காய்வதற்கு ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திருட்டுத்தனமாகச் செய்ய அவளுக்கு மனசில்லை, ஊர் பார்க்கத்தான் செய்வேன் என்று சனிக்கிழமைச் சந்தையைத் தேர்ந்தெடுத்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, வெங்காயமும் ஆடும் வெற்றிலையும் வந்து குவிந்து, எள் போட்டால் விழாத கூட்டத்துக்கு நடுவே, சுடலைமணியின் லோடு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்து பிளெக்ஸுக்குக் கீழே நின்றது. ஆட்டோவில் ஏணி, ஏணிக்குப் பக்கத்தில் மூங்கில் வளையத்தில் இழுத்துக் கட்டிய கருப்பு வட்டம். செண்பகவடிவு சேலையை வரிந்து கட்டி, தலையில் ஈரச் சாக்கைப் போட்டு, மூன்று கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு ஏறினாள். மேலே ஏற ஏறச் சாக்கு காய்ந்தது, முடி பொசுங்கும் வாடை வந்தது, கண்ணாடிகளுக்குள்ளேயும் கண்ணில் தண்ணீர் கொட்டியது; அவள் வாய் ஓயாமல் வெயிலுமுத்து அண்ணாச்சியையும் அந்த நகராட்சியையும் தன் அவசரப் புத்தியையும் வைதுகொண்டே ஏறினாள். வைகிறபோது அவளுக்குப் பயம் தெரியாது. பிளெக்ஸைத் தாங்கிய சவுக்குக் கம்புச் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து கயிற்றை வீசினாள். கீழே ஜெஸிந்தாவும் மாடத்தியும் இழுத்தார்கள், கருப்பு வட்டம் ஆடி ஆடி மேலே போனது. இதற்குள் கட்சிக்காரர்கள் கண்டுகொண்டு, தலைவர் முகத்தில் கருப்பு, கருப்பு என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அவள் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினாள். வட்டம் முகத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. வெளிச்சம் செத்துவிடவில்லை, கருப்புக்குப் பின்னால் எரிந்துகொண்டுதான் இருந்தது, விளிம்பில் கொஞ்சம் சிதறியது, அவ்வளவுதான். ஆனால் இப்போது பார்க்க முடிந்தது. சந்தை முழுக்க நெற்றியிலிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இத்தனை நாள் குனிந்தே பழகிய கழுத்துகள் நிமிர்ந்து, வலிக்கிறது என்று முனகிக்கொண்டே நிமிர்ந்து, மேலே பார்த்தன. வலது பக்கம், செண்பகவடிவின் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி, நீலமாக, தன் பாட்டுக்கு, புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இன்னும் மங்கலாக ஒன்று, அதற்கும் அப்பால் சிவப்பாக ஒன்று, ஜெஸிந்தாவே அறியாதவை. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ பாஷையில் ஏதோ கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு நடுரோட்டில் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மலையிலும் தெரிகிறதாம்.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். வெயிலுமுத்து அண்ணாச்சியும் காரில் வந்து இறங்கினார். பதறிப்போய்த்தான் வந்தார், முகத்தில் கருப்பைப் பார்த்ததும் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், பார்க்கவே பாவமாக இருந்தது. கழற்றச் சொல்லுங்கள் என்றார். இறங்கு, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ, கேஸ் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சப் இன்ஸ்பெக்டர். மாட்டேன் என்றாள் அவள் உச்சியிலிருந்து. நாங்கள் ஏறிக் கழற்றுகிறோம் என்று கட்சிக்காரர்கள் ஏணியைத் தேடினார்கள், ஏணி இல்லை. சுடலைமணி அதை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தான். நான் ஏறினதும் கிளம்பிருங்க, நானே கூப்பிட்டாலும் வராதிய என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பொண்டாட்டியை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவதற்குச் சாதுவான ஆளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் தெரியும். சந்தைக்குள் வேறு ஏணி இருந்தது. வெங்காய மண்டியில் ஒன்று, பந்தல்காரரிடம் இரண்டு. கேட்டபோது ஒருத்தரும் தரவில்லை. தரமாட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை, எங்கே வைத்தோம் என்று தெரியவில்லையே என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான், யாரோ ஒரு ஆட்டுக்காரர், இத்தனை நாளைக்குப் பிறகு நிமிர்ந்த கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, பிளெக்ஸைத் தாண்டி, நிஜ வானத்தைப் பார்த்தார். பார்த்தவர் ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். உச்சியில் நின்ற நம் சூரியனின் மேல் கருப்பாக ஒரு வட்டம் மெல்ல வந்து ஏறிக்கொண்டிருந்தது. கிரகணம் இல்லை. வெயில் ஒரு துளி குறையவில்லை, நிழல்கள் இருந்த இடத்தில் இருந்தன, தக்காளி அதே சூட்டில் கிடந்தது. சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது, நடுவில் கருப்பும் விளிம்பில் சிதறின ஒளியுமாக.

ஜெஸிந்தாவுக்குக் கூடப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மாடத்திக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அங்கனயும் ஒரு வடிவு ஏறியிருக்கா," என்றாள். "நம்மளப் படம் பிடிக்காவ."

சந்தையில் ஒரு சலசலப்பு ஓடியது. பிறகு கரிசலூத்து ஜனங்கள், போட்டோ என்றால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள். ஆண்கள் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள், பெண்கள் முடியை ஒதுக்கி மாடத்தியின் கூடையில் கருகாமல் மிஞ்சின பூவை ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளி வைத்துக்கொண்டார்கள், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தார்கள், ஆடுகளைக் கூடத் தாடையைப் பிடித்து மேலே பார்க்க வைத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விலகுங்கப்பா, விலகுங்கப்பா என்று கட்சிக்காரர்கள் வழி பண்ண, வெயிலுமுத்து அண்ணாச்சி எல்லாருக்கும் முன்னால் வந்து, நட்டநடுவில், கைகூப்பிச் சிரித்தபடி நின்றார். போதுமா, இன்னும் கொஞ்சம் முன்னால் வரவா, இந்தப் பக்கம் நின்றால் முகம் நன்றாக விழுமா என்று பழக்கதோஷத்தில் மேலே இருந்தவளையே கேட்டார்.

"எங்க நின்னாலும் ஒரே புள்ளிதான் அண்ணாச்சி," என்றாள் செண்பகவடிவு.

சொல்லிவிட்டு, சாக்கைத் தலையிலிருந்து எடுத்து வீசி, மூன்று கண்ணாடிகளையும் கழற்றி, ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.